டியூபில் ஒட்டிய விபூதி

ரோஸ் நிறத்தில் புடவை எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். கடையில் அந்த நிறத்தை விரித்துக் காட்டினால் "வேணாங்க, வேற காட்டுங்க" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் பாவம், அவருக்கு என்ன தெரியும்? சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நாள் முழுக்க அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். அது எவ்வளவு அடர்த்தியாக வருகிறதோ அவ்வளவு கெட்ட சேதி என்று பழகிப்போனவள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கை நடுக்கத்தில் தொடங்கி, நடையைக் குறுக்கி, முகத்திலிருந்து சிரிப்பை எடுத்துக்கொண்டு, ஆளை மெல்ல மெல்லக் கட்டிப்போடும் மூளை நோய் ஒன்று உண்டு. பார்க்கின்சன் என்பார்கள். அந்த நோய் வந்தவர்களின் மூளையில் கொழுப்பு கெட்டுப்போகிறது. சமையலறையில் பழைய எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான் உள்ளேயும். மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனே நம்மை இப்படிக் கெடுக்கிறது. கெட்டுப்போன கொழுப்பின் மிச்சம் ரத்தத்தில் கலந்து வரும். ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, ஓர் அமிலத்தைச் சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் அந்த மிச்சம் ரோஸ் நிறமாக மாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மிச்சம் அதிகம் என்றால் நிறமும் அதிகம். அதைக் கருவியில் வைத்து எண்ணாக மாற்றுவது என் வேலை. நோய் உள்ளவர்களின் எண்களையும் இல்லாதவர்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் மேடத்தின் வேலை.

வீடு திருத்தணியில். காலையில் மின்சார ரயிலைப் பிடித்தால் சென்னை, சாயங்காலம் அதே பாதையில் திரும்பி வந்தால் மலை. நைனா, அதாவது என் அப்பா, ஆட்டோக்காரர். அறுபதைத் தாண்டிவிட்டார், ஆனால் ரயிலடியில் அவரை யாரும் பெரியவர் என்று கூப்பிட்டுத் தப்பிக்க முடியாது. ஆந்திராவிலிருந்து வரும் பக்தர்களிடம் தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் அலுத்துக்கொண்டு, கடைசியில் அவர்கள் சொன்ன காசுக்கே மலைமேல் கொண்டுபோய் விடுகிற ஆள்.

அப்போது எங்களுக்கு நோயாளிகள் நிறையக் கிடைத்தார்கள். கிடைக்காமல் போனது, நோயில்லாத வயசாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களின் ரத்தமும் வேண்டுமே. நல்லா இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருவான்? தெருவில் ஒருவரிடம் கேட்டேன். "நல்லா கீற ரத்தத்த எடுத்து இன்னா பண்ணுவீங்கோ?" என்று என்னை ஏதோ ரத்தம் விற்பவள் மாதிரிப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். நைனா தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளு கெடைக்கலன்னா நான் வரேம்மா" என்றார்.

"நீயா? ஊசின்னாலே ஓடுவியே நைனா?"

"எனக்கு இன்னா கொறச்சல்? பி.பி. இல்ல, சுகர் இல்ல. எடுத்துக்கட்டும்."

"ஆங், பெரிய வீரரு" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எது புதிதாக வந்தாலும், எது பத்திரமாகப் போய்ச்சேர வேண்டுமென்றாலும், நைனா அதற்கு மலை விபூதி வைத்துவிடுவார். புது டயருக்கு விபூதி, கேஸ் சிலிண்டருக்கு விபூதி, மின்சார மீட்டர் மாற்றினால் மீட்டருக்கு விபூதி. என் பரீட்சை ஹால் டிக்கெட்டில் என் மூஞ்சியே தெரியாத அளவுக்கு அப்பிவிட்டதில், நான் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொன்று, பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் மடிக்க மாட்டார். தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு மடிப்பது இங்கே யாருக்கும் வராது.

ரத்தம் கொடுக்கப் போன அன்றும் ரயிலில் அப்படித்தான். அரக்கோணம் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். எதிரே பூ கட்டிக்கொண்டு வந்த பெண், ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்த கல்லூரிப் பையன், எல்லோருக்கும் நீட்டினார். நான் இடக்கைக்காரி. வலக்கையில் பை இருந்ததால் வாட்டமாக இடக்கையை நீட்டினேன். பொட்டலம் சட்டென்று பின்னால் போனது.

"பீச்சாங்கையிலயா? எழுதறது, லேபுல அந்த ஊசி மாதிரி ஒண்ணு வெச்சிகினு உறியறது, அதெல்லாம் எந்தக் கையில வேணா செய். மலையிலருந்து வர்றது சோத்தாங்கையிலதான். குடுக்கறதும் அப்டிதான், வாங்கறதும் அப்டிதான்."

பெட்டியே திரும்பிப் பார்த்தது. "சரி நைனா, மானத்த வாங்காத" என்று பையைக் கை மாற்றிக்கொண்டு வலக்கையால் எடுத்தேன்.

ரத்தம் எடுக்கும் கூடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் மேலே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே இருக்க அனுமதி கிடையாது. டியூபில் பெயர் எழுத மாட்டார்கள், எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது மேடத்திடம் இருக்கும், ஆய்வு முழுக்க முடியும்வரை திறக்க மாட்டார். யாருடைய ரத்தம் என்று தெரிந்தால் பார்க்கிற கண் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

அன்று மதியம் டியூப்கள் வந்தன. எனக்குப் பாதி, என்னோடு வேலை செய்யும் தோழிக்குப் பாதி. சுழற்றும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு டியூபின் மேல், எண் ஒட்டிய இடத்துக்கு ஓரமாக, வெள்ளையாக ஒரு தீற்றல். விரலால் தொட்டுப் பார்த்தேன். நுணுக்கமான சாம்பல். மூக்கருகே கொண்டுபோனேன், மலை வாசனை.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம். ரத்தம் எடுத்ததும் டியூபை அவரவர் கையிலேயே கொடுத்துப் பக்கத்து மேஜையில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த நாலடி தூரத்தில் மனுஷன் வேலையைக் காட்டிவிட்டார். இனி அந்த எண் எனக்குத் தெரியும். தெரியக்கூடாதது தெரிந்துவிட்டது. மேடத்திடம் சொல்லி அந்த டியூபை ஒதுக்கச் சொல்லியிருக்கலாம். ஆள் கிடைக்காத நேரம், எதற்கு என்று துடைத்துவிட்டு உள்ளே வைத்தேன்.

மறுநாள் அமிலம் சேர்த்து, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஸ்டாண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். ரோஸ்மில்க் கடையில் சிலர் தண்ணியாகக் கலக்குவார்கள், சிலர் எசன்ஸ் கை தவறி ஊற்றிவிடுவார்கள். ஒன்று மட்டும் அப்படிக் கை தவறியது மாதிரி இருந்தது. எண்ணைப் பார்த்தேன். நைனாவுடையது.

விபூதி உள்ளே விழுந்திருக்குமோ? மூடி இறுக்கமாக இருந்தது, நானே திறந்தேன். ரத்த அணுக்கள் குலுங்கி உடைந்திருக்குமோ? அப்படி உடைந்தால் தெளிநீர் சிவக்கும், இது சிவக்கவில்லை. மிச்சமிருந்த நீரில் இன்னொருமுறை செய்தேன். அதே நிறம். கருவியில் வைத்தேன், நாள்பட்ட நோயாளிகளிடம் வருவதாகப் பழைய ஆய்வுகளில் நான் படித்த மாதிரி ஓர் எண் வந்து நின்றது. "இன்னாடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் தோழி. ஒன்றும் இல்லை என்றேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் ரயிலடியில் நைனா ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார். "ஏறும்மா" என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் நான் மனுஷியாக இல்லை, போலீஸ்காரியாக இருந்தேன். அவர் எப்படி நடக்கிறார், எப்படித் தம்ளரைத் தூக்குகிறார், எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டே இருந்தேன். பயத்தோடு பார்ப்பவளுக்கு எல்லாமே பயமாகத் தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, வீடு முழுக்க நாற்றம். வாசலிலிருந்து அம்மா ஓடிவந்தாள். நைனா அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மூக்கு இன்னா அடகு வெச்சிட்டியா? இம்மாம் நாத்தம் வருது, உக்காந்துகினு கீற?"

"எனக்கு ஒண்ணும் வரலயே" என்றார் நைனா நிஜமான ஆச்சரியத்தோடு.

இந்த நோய் கைக்கு வருவதற்கு முன்னால் சிலருக்கு மூக்கில் தொடங்கும். வாசனை தெரியாமல் போகும். எனக்கு அது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவளாக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் பட்டது. அம்மா வேறு, ஒன்றும் தெரியாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "இப்பல்லாம் சட்டை பட்டன் போடவே என்னைத்தான் கூப்புடறாரு. வயசாவுதுல்ல" என்றாள். நறுக்கிய துண்டுகள் காற்றுப்பட்டுக் கறுத்துக்கொண்டிருந்தன. "தண்ணில போடும்மா, கறுக்குது" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு கிறுக்குத்தனம். படித்தவள், வேலை பார்ப்பதே இந்த நோயோடு, இருந்தும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் மேடத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "மேடம், ஒரே ஒருத்தரோட ரீடிங்கை வச்சு அவருக்கு நோய் இருக்கா, இல்லையான்னு சொல்ல முடியுமா?"

அவர் தலையை ஆட்டினார். "முடியாது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியும். தனியா ஒருத்தரை எடுத்தா, நோய் இல்லாதவருக்கும் ஏறியிருக்கும், நோய் உள்ளவருக்கும் இறங்கியிருக்கும். பீடி பிடிச்சா ஏறும், முந்தின நாள் உடம்பை வருத்தி வேலை செஞ்சா ஏறும். நோயைக் கண்டுபிடிக்கறது டாக்டரோட கண்ணும் கையும். நம்ம ரோஸ் கலர் இல்லை. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் மேடம்."

கொஞ்சம் மூச்சு வந்தது. ரத்தம் கொடுத்ததற்கு முந்தின நாள் நைனா மலைப்படி ஏறித்தான் விபூதி வாங்கிவந்தார். அதனால் ஏறியிருக்கும். ஆட்டோப் புகை வேறு. அதனால் ஏறியிருக்கும். பால் தீய்ந்தபோது சளி பிடித்திருக்கும். இப்படி ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு காரணம் தேடி ஒட்டவைத்துக்கொண்டே ரயிலில் வந்தேன். திருவாலங்காடு தாண்டுவதற்குள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

பிறகு ஒரு காலைவேளை, அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சண்டை போடுகிற சாக்கில் கேட்டுவிட்டேன். "ஏன் நைனா, அன்னைக்கு டியூப்ல விபூதி பூசினியே, அங்க அதெல்லாம் செய்யக்கூடாதுன்னு தெரியாதா?"

"யாரும் பாக்கலயே" என்று சிரித்தார். "என்னுதுக்கு மட்டும் வெச்சா நல்லாருக்குமா? பக்கத்துல ஒருத்தரு உக்காந்துகினு இருந்தாரு. கை ஆடிகினே இருந்துச்சு, அந்த டியூப்பைக்கூட அவரால புடிக்க முடியல. நான்தான் வாங்கிப் புடிச்சிகினேன். பாவமா இருந்துச்சு. அவரு டியூப்புலயும் கொஞ்சம் வெச்சேன்."

விபூதி ஒட்டிய டியூப் இரண்டு! நான் பார்த்தது ஒன்றுதான். அப்படியானால் அந்தக் கரும் ரோஸ், கை ஆடிக்கொண்டிருந்த அந்த மனிதருடையதாக இருக்கலாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் நைனாவின் கன்னத்தைக் கிள்ளினேன். "இன்னா ஆச்சு இவுளுக்கு?" என்று அவர் அம்மாவைப் பார்த்தார். யாரோ ஒருவருக்கு அந்த நோய் இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அன்று வேலைக்குப் போனதும் போகாததுமாகத் தோழியைப் பிடித்தேன். "அன்னைக்கு உன் பங்குல ஒரு டியூப்ல விபூதி இருந்துச்சா?"

"ஆமா, வெள்ளையா என்னமோ ஒட்டியிருந்துச்சு. துடைச்சிட்டேன். விபூதியா அது? நான் சாக்பீஸ்னு நினைச்சேன்."

"எந்த நம்பர்?"

"அது யாருக்குடி ஞாபகம்?"

அவள் பங்கில் அடர்த்தியானவையும் இருந்தன, வெளிறியவையும் இருந்தன. எதையும் எதோடும் சேர்க்க முடியாது. மறுபடி நடுக்கடலில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. இப்போது நைனாமேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உடனே பொட்டலத்தை நீட்டிவிட வேண்டுமா? ஒரு டியூபில் மட்டும் வைத்திருந்தால் எனக்கு நல்லதோ கெட்டதோ ஒன்று தெரிந்திருக்குமே! தெரிந்திருக்காது என்று மேடம் சொன்னதை நான் அந்த நிமிஷத்தில் வசதியாக மறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா, "மலைக்குப் போய்வரலாம் வா" என்றார். அம்மாவுக்குக் கால் வலி, வரவில்லை. நான் ஆட்டோவைப் பார்த்தேன். "பஸ்ஸுல போலாம். மேல வண்டி நிறுத்தறதுக்கு எடம் இருக்காது" என்றார். மலைமேல் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர், நிறுத்த இடம் இல்லை என்கிறார். எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் அப்பன் தெலுங்கில் சமாதானம் செய்துகொண்டிருந்தான். நானும் நைனாவும் நிழல் பார்த்து ஒரு படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்தோம். கீழே ரயில் ஒன்று ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

வழக்கமாக எப்படிச் செய்வார் என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பொட்டலத்தை இடது உள்ளங்கையில் பிரித்து வைத்துக்கொண்டு, வலது கை விரலால் எடுத்து, என் நெற்றியில் இழுத்துவிட்டு, கண்ணில் விழாமல் இருக்க ஊதிவிடுவார். அன்று பொட்டலத்தைப் படிக்கட்டில் வைத்தார். ஒரு கையாலேயே, மெதுவாகப் பிரித்தார். இன்னொரு கை பேண்ட் பைக்குள் இருந்தது. தரிசன வரிசையில் நின்றபோதும் அது அங்கேயேதான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விபூதியை எடுத்து என் நெற்றிக்குக் கொண்டுவந்தார். இடது கை.

"நைனா" என்றேன். "பீச்சாங்கை."

"தெரியும்மா" என்றார். கை நெற்றிக்கு முன்னால் அப்படியே நின்றது. "அந்தக் கை ஆடுது. கண்ணுல கொட்டிடும்."

சுற்றி அவ்வளவு கூட்டம், அவ்வளவு சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்பலருந்து?"

"ஆளு கெடைக்கலன்னு நீ பொலம்பிகினு இருந்தியே, அதுக்கு முன்னாடியே. ஆக்சிலேட்டரு இந்தக் கையிலதானே? மலை வளைவுல ஒரு நாளு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பின்னாடி கைக்கொழந்தையோட ஒரு குடும்பம். அன்னையிலருந்து மேல சவாரி ஏத்தறதில்ல. உங்கம்மாவுக்கும் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதா நைனா?"

"சொல்லத்தானே வந்தேன்? எம் பொண்ணு இந்த வேலையிலதான் கீது, ரத்தத்தப் பாத்தா அதுவே சொல்லிடும்னு நெனச்சேன். அதான் நானே வரேன்னேன். ஒவ்வொரு நாளும் நீ ரயில்ல எறங்கி வர்றப்போ உம் மூஞ்சியப் பாப்பேன். இன்னிக்குச் சொல்லுவியா, நாளைக்குச் சொல்லுவியான்னு பாத்துகினே இருந்தேன். நீ என்னை நிமிந்துகூடப் பாக்கல." கீழே ரயிலடியைப் பார்த்தார். "அதுலயே தெரிஞ்சுகினேன்."

எனக்கு எதுவும் தெரியாது நைனா, அந்த டியூப் உன்னுடையதா என்றே எனக்குத் தெரியாது, அந்த நிறத்துக்கு ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்லவே தெரியாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்கு அவசியம் இருக்கவில்லை. அவர் பேண்ட் பைக்குள் கையைவிட்டு அந்தக் கையை வெளியே எடுத்தேன். என் இரண்டு கைக்குள்ளும் அது அடங்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் நோயாளிகளிடம் நான் தினமும் பார்க்கிற அதே ஆட்டம்.

பயமாக இருந்தது. அதுவரை இருந்த பயத்தைவிட அதிகமாகவே இருந்தது. "நாளைக்கு வண்டி எடுக்காத நைனா. என்கூட ரயில்ல வா, டாக்டரப் பாக்கலாம்" என்றேன்.

"ஆங்" என்றார். இடது கையில் விபூதி இன்னும் இருந்தது. "இப்போ இதுல வாங்கிக்கிறியா, வேணாமா?"

நான் நெற்றியைக் காட்டினேன். பழகாத கை, கோணலாக இழுத்தது. பிறகு குனிந்து, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார்.